செட்டுக்கு ஒரு நெஞ்சு

நீங்க ஜன்னலுக்குத் தள்ளி உக்காருங்கண்ணே, நான் இந்த ஓரமே இருந்துக்கிறேன். வண்டி நிக்கிற எடத்துல எல்லாம் எறங்குற ஆளு நானு, ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவு. மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான்.

ஆஸ்பத்திரிக்குண்ணே. எனக்கில்ல, என்னையப் பாத்தா அப்படியா தெரியுது? எங்கப்பாவுக்கு. நாளைக்குக் காலைல ஆபரேஷன். நுரையீரல்ல ஒரு ஓரமா சின்னதா கட்டி. கேன்சர்தான்னு உறுதியாயிருச்சு. அந்தத் துண்ட மட்டும் எடுத்துட்டா ஆளு பொழைச்சுக்குவாருன்னு டாக்டருங்க சொல்றாங்க. எங்கப்பா என்ன சொல்றாருன்னா, "பரணி வரட்டும், அவன் சொன்னாத்தான் படுப்பேன்"ங்கிறாரு. பந்தில எலைக்குக் காத்திருக்கிற மாதிரி கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்துட்டாராம். பரணி நாந்தான்.

ரெண்டு நாளா போன் மேல போன். நான் போகல. ஏன் போகலைன்னு நீங்க கேக்கணும். கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன்.

அங்க எங்கப்பா பக்கத்துல ஒரு ஆளு உக்காந்துருக்காரு. நாச்சிமுத்து மாமான்னு பேரு. அந்தாளு மூஞ்சில முழிக்கிறதில்லைன்னு இருக்கேன். பொய் சொன்னாருண்ணே. மார்க்கெட்டு முன்னாடி, கொஞ்சங்கூடக் கூசாம, எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஒரு பொய். நான் பாலிடெக்னிக் படிச்சவன். ரெண்டு வருசம். மூணாவது வருசம் அவங்களுக்கும் எனக்கும் ஒத்துவரல, அத விடுங்க. ஆனா அந்த ரெண்டு வருசத்த ஒரு ஆளு ஒரே பேச்சுல தூக்கிக் குப்பைல போடலாமா? மொதல்ல இருந்து சொல்றேன், நாயத்த நீங்களே சொல்லுங்க.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தெரியுமில்ல? அங்க மூட்டை ஏத்தி எறக்குற ஆளுங்க செட்டு செட்டா இருப்பாங்க. எங்க செட்டு எட்டுப் பேரு. தலைவரு சடையப்பன் பெரியப்பா. எங்கப்பா வீரணன். அப்புறம் நான் சொன்னேனே அந்தப் பொய்க்காரரு, நாச்சிமுத்து. அவரும் எங்கப்பாவும் ஜோடி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூட்டையப் புடிச்சுத் தூக்கி மூணாவது ஆளு தலைல வைப்பாங்க. கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடி இருந்தே ஜோடி. எங்கம்மாவே சொல்லும், "நான் ரெண்டாவதாத்தான வந்தேன்"னு. செட்டுல நான் ஒருத்தன்தான் வயசுப் பையன், மிச்சம் ஏழும் அம்பதத் தாண்டுனது. ஏழும் பீடி. நான் மட்டும் சிகரெட்டு. படிச்சவன் பாத்தீங்களா.

எங்க செட்டுல ஒரு வழக்கம் இருக்கு. எதுன்னாலும் ஒருத்தர் போனா எல்லாரும் போன மாதிரி. ஒரு கல்யாணம்னா எட்டுப் பேரு மொய்யயும் வாங்கிக்கிட்டு ஒருத்தர் போவாரு. எழவு வீடும் அப்படித்தான், ஒருத்தர் போயி எட்டுப் பேருக்கும் சேத்து அழுதுட்டு வருவாரு. எல்லாரும் கெளம்பிட்டா கேரளா லாரிக்கு எவன் தக்காளி ஏத்துறது? பழனி பக்கத்துலதான் இருக்கு, அதுக்குக் கூட ஒருத்தர்தான். அவரு மொட்டை போட்டுட்டு வந்தா செட்டுக்கே மொட்டை போட்ட கணக்கு. முருகன் இதுவரைக்கும் மிச்ச மண்டை எங்கன்னு கேட்டதில்ல.

இப்படி இருக்கைல மார்க்கெட்டுக்கு ஒரு ஸ்கேன் வண்டி வந்துச்சு. பஸ்ஸு கணக்கா பெருசு. அம்பது வயசுக்கு மேல, ரொம்ப வருசமா பீடி சிகரெட்டு குடிக்கிற ஆளுங்களுக்கு நெஞ்ச படம் எடுத்துப் பாக்குறாங்களாம். காசு இல்ல. நோவு ஒன்னும் இல்லைன்னாலும் வந்து பாத்துக்கங்க, மொளைக்கும்போதே கண்டுபுடிச்சா எடுத்துரலாம்னு மைக்ல ஒரு பொண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. யாவாரிங்க சங்கத்துலயும் சொல்லிட்டாங்க, எல்லா செட்டும் போயிட்டு வாங்கன்னு.

நம்ம ஆளுங்க மூட்டை மேல உக்காந்து யோசிச்சாங்க பாருங்க, பாராளுமன்றத்துல அப்படி யோசிச்சிருக்க மாட்டாங்க. ஆளுக்கொரு பீடியப் பத்த வெச்சுக்கிட்டு நெஞ்சப் பத்தி யோசனை.

"உள்ள இருக்குறது உள்ள இருக்கட்டும்யா, அத எதுக்குப் போயி எழுப்பிக்கிட்டு"ன்னாரு சடையப்பன் பெரியப்பா.

எங்கப்பா, "பாத்தா பீடிய விடச் சொல்லுவான். நாந்தான் விட்டுட்டனே"ன்னாரு. கைல பீடி இருக்கு. எங்கப்பா கணக்குல விட்டுட்டேன்னா, காசு குடுத்து வாங்குறத விட்டுட்டேன்னு அர்த்தம். பக்கத்தாளு குடுத்தா அது அவரு பீடி, புகை மட்டுந்தான் இவருது. சடையப்பன் பெரியப்பா இன்னும் மேல, அவரு தெனமும் விடுவாரு. காலைல எந்திரிச்சதும் விடுவாரு, மத்தியானச் சோத்துக்குள்ள மறுபடி புடிச்சிருவாரு. ஒரு மனுசன் இத்தன தடவ விட்டா அவருக்கு ஒரு பட்டம் குடுக்க வேணாமா.

நாச்சிமுத்து மாமாதான் வாயத் தொறக்கல. அவருக்குப் பேச நேரம் எங்க, ஒன்னு அணையறதுக்குள்ள அடுத்தது வாய்ல ஏறிருக்கும்.

எனக்கு வாய் சும்மா இருக்காதுண்ணே, அதுதான் எனக்கு வியாதி. நான் சொன்னேன், "எதுக்கு ஏழு பேரும் போகணும்? கல்யாணத்துக்கு ஒருத்தர், எழவுக்கு ஒருத்தர், மொட்டைக்கு ஒருத்தர். இதுக்கும் ஒருத்தர அனுப்புங்க. எல்லாருக்கும் ஒரே பொட்டிக்கடை, ஒரே கட்டுப் பீடி. அதுலயும் ஜாஸ்தி குடிக்கிறது நாச்சிமுத்து மாமா. அவரு நெஞ்சு சுத்தமா இருந்தா நம்ம எல்லாரு நெஞ்சும் சுத்தம்."

சிரிப்பாங்கன்னு சொன்னேண்ணே. ஒருத்தரும் சிரிக்கல. ஏழு மூஞ்சியும் வெளுத்த துணி மாதிரி தெளிஞ்சிருச்சு. "படிச்ச பய படிச்ச பயதான்யா"ன்னு சடையப்பன் பெரியப்பா முதுகுல தட்டுனாரு. எங்கப்பா அக்கம்பக்கம் பாத்தாரு, எம்மவன் சொன்னத எல்லாரும் கேட்டாங்களான்னு. பாலிடெக்னிக்க விட்டப்பறம் அந்த மனுசன் என்னைய அப்படிப் பாத்ததே இல்ல. அப்பப் போயி, இது வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்ல முடியுமா? நீங்க சொல்லுவீங்களா?

சரின்னு நாச்சிமுத்து மாமாவக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஏன் நானுன்னா, வண்டில இருந்த டாக்டரம்மா வடக்கத்திக்காரங்க. தமிழு கொஞ்சம், இங்கிலீஷு மிச்சம். மொழிபெயர்க்க ஆளு வேணுமே. மிசினுக்குள்ள படுக்க வெச்சு, மூச்ச இழுத்துப் புடின்னாங்க. மனுசன் வெளிய வரைல வேர்த்து ஒழுகுறாரு. தக்காளிக் கூடைய நாள் முழுக்கத் தூக்குற ஆளு, படுத்து எந்திரிக்கிறதுக்கு வேர்த்துட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சு முடிவு சொல்லக் கூப்புட்டாங்க. அதுக்கும் நாந்தான் கூடப் போனேன். டாக்டரம்மா படத்தக் காட்டி சொன்னாங்க, ஒன்னும் இல்ல, க்ளியர்னு. நான் மாமாகிட்ட சொன்னேன், சுத்தமா இருக்காம்னு. டாக்டரம்மா அதோட நிறுத்தலண்ணே, பேசிக்கிட்டே போனாங்க. இது இப்போதைக்குத்தான், வருசா வருசம் பாக்கணும், பீடிய விட்டே ஆகணும், ஒருத்தருக்கு இல்லைங்கிறதால இன்னொருத்தருக்கு இல்லைன்னு ஆகாது, கூட்டாளிங்க எல்லாரையும் தனித்தனியா வரச் சொல்லுங்கன்னு. அம்புட்டையும் எதுக்கு இழுத்துக்கிட்டு. மாமா, "என்னப்பா இவ்வளவு நேரம் சொல்லுது?"ன்னாரு. "ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாங்க"ன்னேன். சுருக்கிச் சொல்றதும் ஒரு படிப்புதாண்ணே.

மார்க்கெட்டுக்கு வந்து சொன்னேன் பாருங்க, திருவிழாதான். எட்டுப் பேருக்கும் டீ, வடை, ஏழு பேருக்கும் புதுக்கட்டுப் பீடி. ஏழு நெஞ்சும் ஒரே நாள்ல பாஸாயிருச்சில்ல. மத்த செட்டு ஆளுங்க எல்லாம் வரிசைல நிக்கிறானுங்க, எங்காளுங்க அவங்களப் பாத்து, "போங்கப்பா போங்க, எங்களுக்கு முடிஞ்சிருச்சு"ங்கிறாங்க. எங்கப்பா பீடிய இழுத்து, இருமி, கண்ணுல தண்ணி வந்து, அந்தத் தண்ணியோடவே சொல்றாரு, "நெஞ்சு சுத்தமா இருந்தா இழுக்குறதே தனி சொகம்"னு.

திண்டுக்கல் வந்துருச்சு. எறங்குங்கண்ணே, பத்து நிமிசம் நிப்பான். வாங்க, டீ என்னோடது. அந்தப் பக்கம் கடைக்குப் பின்னாடி நின்னா ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஒங்களுக்கு? பழக்கம் இல்லையா? நல்லது, இருக்கட்டும். நான் ஒன்னே ஒன்னு. ஆமா, இருமல்தான். இது வெங்காய மூட்டைத் தூசிண்ணே, சீசன் முடிஞ்சா போயிரும். எனக்கு இருபத்துநாலு வயசு, அந்த வண்டில என்னைய ஏத்தக்கூட மாட்டான். அம்பது ஆகட்டும், பாத்துக்கலாம்.

எங்க விட்டேன்? ஆங், திருவிழா. திருவிழாவக் கெடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? அதே நாச்சிமுத்து. பீடிய விட்டுட்டாருண்ணே. சுத்தம்னு சொன்ன மறுநாளே. எங்கப்பா மாதிரி விடல, சடையப்பன் பெரியப்பா மாதிரியும் விடல. நெசமாலுமே விட்டுட்டாரு. வாய்ல கடலை மிட்டாயப் போட்டுக் கடிக்கிறாரு, எரிச்சல்ல மூட்டையத் திட்டுறாரு, விட்டது விட்டதுதான்.

செட்டே ஆடிப்போச்சு. ஒன்னும் இல்லைன்னவன் எதுக்கு விடுறான்? வியாதி இருக்குறவன் விடுவான், நாயம் இருக்கு. நெஞ்சு சுத்தமா இருக்குறவன் குடிச்சிட்டுப் போக வேண்டியதுதான? சடையப்பன் பெரியப்பா கூப்புட்டு வெச்சு விசாரிச்சாரு. "நாச்சி, எங்ககிட்ட எதையும் மறைக்கிறியா?"

"மறைக்க என்ன இருக்கு. அந்த மிசினுக்குள்ள படுத்துருக்கைல பயமாப் போச்சு, தலைவரே. இந்தத் தடவ விட்டுட்டீன்னா இனித் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட சொன்ன?"

"யாரு கேட்டாங்களோ அவங்ககிட்ட."

இதெல்லாம் ஒரு பதிலாண்ணே? அந்த வாரம் பூரா ஒருத்தருக்கும் பீடி ருசிக்கல.

அந்த நேரந்தான் எங்கப்பாவுக்கு இருமல் ஜாஸ்தியாச்சு. லாரிக்குச் சாத்துன பலகைல ஏறைல நின்னு நின்னு ஏறுவாரு. ஒரு நாளு முருங்கைக்காய்க் கட்டத் தூக்கைல, எடையே இல்லாத கட்டு, கை நழுவிருச்சு. எங்கம்மா போய்ப் பாருன்னு காலப் புடிக்காத கொறை. அவரு, "நாச்சி பாத்தானே, அவனுக்கு இல்லைல்ல. என்னைய விட ரெண்டு மடங்கு குடிச்சவன். எனக்கு எப்படி வரும்?"னு ஒரே பாட்டு. எங்கம்மா எங்கிட்ட வந்து, "நீ சொன்னா கேப்பாருடா"ன்னுச்சு. நான் என்னத்தச் சொல்ல? செட்டே ஒத்துக்கிட்டத நானே போயி மாத்திப் பேசுனா என் மரியாதை என்ன ஆகுறது.

நாச்சிமுத்து மாமா ஒரு நாள் என்னையத் தனியாக் கூப்புட்டாரு. "அந்த டாக்டரம்மா அவ்வளவு நேரம் பேசுச்சே, உங்கப்பனப் பத்தி, மத்தவங்களப் பத்தி எதுவும் சொல்லலையா?"ன்னாரு. "சொன்னாங்க மாமா, நீங்க சினிமாவுல நடிக்கலாமாம்"னேன். அவரு சிரிக்கல. தலைத்துண்ட ஒதறிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

வண்டி எடுக்குறான், ஏறுங்க, ஏறுங்க.

வண்டின்னதும், அந்த ஸ்கேன் வண்டி மறுபடி வந்துச்சுண்ணே. ரெண்டு நாள்தான், இனி வராதுன்னு சொல்லிட்டாங்க. மொத நாளு எங்க செட்டுல ஒருத்தரும் அசையல. ரெண்டாம் நாளு காலைல நாச்சிமுத்து மாமா மார்க்கெட்டு நடுவுல நின்னாரு. தலைத்துண்ட அவுத்துக் கைல வெச்சுக்கிட்டு, எழவு சொல்ல வந்தவரு கணக்கா.

"தலைவரே, எனக்கு நெஞ்சுல கட்டி இருக்காம். அன்னைக்கே சொல்லிருக்காங்க. பரணிக்கு இங்கிலீஷு புரியல, மாத்திச் சொல்லிட்டான். ரெண்டாவது தடவ கூப்புட்டுச் சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. அதான் பீடிய விட்டேன்."

எப்படி இருக்கும் எனக்கு? காதோட சேத்து ரெண்டு வெச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "பொய்யி, டாக்டரம்மா க்ளியர்னுதான் சொன்னாங்க, சி, எல், இ"ன்னு எழுத்துக் கூட்டிக் காட்டுறேன். எவன் கேக்குறான்? செட்டு மொத்தமும் வெறைச்சுப் போய் நிக்கிது. ஏன்னா கணக்கு இப்ப திரும்பிருச்சில்ல. அவருக்கு இல்லைன்னா யாருக்கும் இல்ல. அவருக்கு இருக்குன்னா?

சடையப்பன் பெரியப்பா வாய்ல இருந்த பீடி அப்படியே கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கல. அவருதான் மொதல்ல நடந்தாரு. அவரு பின்னாடி ஒன்னு, அதுக்குப் பின்னாடி ஒன்னு. எங்கப்பா என் பக்கத்துல வந்து நின்னாரு. "நெசமாவே ஒனக்குப் புரியலையாடா?"ன்னாரு. கோவமாக் கேக்கல. பாவமாக் கேட்டாரு, அதுதாண்ணே தாங்கல. கேட்டுட்டு அவரும் போயி வரிசைல நின்னுட்டாரு. அன்னைக்கு ரெண்டு லாரி காயோட நின்னுச்சு, எங்க செட்டு சரித்திரத்துலயே இல்லாதது.

முடிவு வந்துச்சு. அஞ்சு பேருக்கு ஒன்னும் இல்ல. எங்கப்பாவுக்கு இருக்கு.

ஆஸ்பத்திரில சேத்த அன்னைக்கு நாச்சிமுத்து மாமாவப் புடிச்சுட்டேன். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க, ஒங்களுக்குக் கட்டி இருக்கா?"

"எனக்கு எங்கடா இருக்கு. வேற என்ன சொன்னா உங்கப்பன் அந்த வண்டில ஏறுவான்?"

"அப்ப நான் சரியாத்தான சொன்னேன்? அத மார்க்கெட்ல வந்து சொல்லுங்க."

"மொதல்ல அவன் எந்திரிச்சு வரட்டும்"னுட்டு எங்கம்மாவுக்குக் காப்பி வாங்கப் போயிட்டாரு. பாத்தீங்களாண்ணே அநியாயத்த? அந்தாளு பொய் சொல்லலைன்னா எங்கப்பா இந்நேரம் மூட்டை தூக்கிக்கிட்டு இருப்பாரு. கத்தி இல்ல, மயக்க மருந்து இல்ல, ஒன்னும் இல்ல. டாக்டரு வேற சொல்றாராம், நல்ல நேரத்துல வந்தீங்க, இன்னும் கொஞ்ச மாசம் போயிருந்தா எடுக்கவே முடியாதுன்னு. கேன்சர்னு சொல்லிப்புட்டு அதுல நல்ல நேரம் வேற.

மார்க்கெட்ல இப்ப என் பேரு என்ன தெரியுமா? இங்கிலீஷு. "ஏப்பா இங்கிலீஷு, அந்தக் கூடையத் தூக்கு." நாச்சிமுத்து வந்து ஒரு வார்த்தை சொன்னா தீந்துரும். சொல்ல மாட்டேங்கிறாரு. அதான் போகல. இன்னைக்கு எங்கம்மா போன்ல ஒன்னுமே பேசல, வெறுமனே புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது அப்படி இருக்காது, கத்தும், திட்டும். அதான் கெளம்பிட்டேன்.

எங்கப்பாவப் பாருங்க, இத்தனைக்கும் அப்புறம் பரணி வந்து சொல்லட்டுங்கிறாரு. மார்க்கெட்டே சிரிக்குது, அந்த மனுசன் ஒருத்தருதான், "எம்மவன் கூட நின்னான், அவனுக்குத்தான் தெரியும்"ங்கிறாரு. நான் போயி என்ன சொல்றதுன்னு...

இருங்கண்ணே, போனு. அவருதான்.

ஆங், யப்பா. வந்துக்கிட்டே இருக்கேன், கொடைரோடு தாண்டியாச்சு. என்னது? இப்பவே சொல்லணுமா? நர்சு பக்கத்துல நிக்கிறாங்களா. சரி. யப்பா, படுத்துக்க. ஆமா, ஆபரேஷனுக்குத்தான். எடுத்துறட்டும். ஏன் சிரிக்கிற? இல்லப்பா, எப்பவும் போல வெளையாடல. நெசமாச் சொல்றேன். யப்பா, சிரிக்காம கேளு. அன்னைக்கு அந்த டாக்டரம்மா சொன்னாங்க, தனித்தனியா வந்து பாருங்கன்னு சொன்னாங்க, நான்... இல்ல, கதை விடல. சத்தியமா. அம்மா மேல. யப்பா.

அண்ணே, இந்தாங்க, புடிங்க. ஒங்க குரலு நல்லா கனமா இருக்கு. டாக்டருன்னு எல்லாம் சொல்ல வேணாம், பக்கத்து சீட்டுன்னே சொல்லுங்க. படுத்துக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். நான் சொன்னா சிரிக்கிறாருண்ணே.